ஜோடி இல்லாத நம்பர்

"ஓடிக்கிட்டிருந்த இன்ஜினா சார்?"

போன் செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்டது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் 'ஆமாம்' என்று சொல்வது எவ்வளவு சுலபமோ, கேட்பவர் அதை நம்புவது அவ்வளவு கஷ்டம். காருக்குள் இருக்கும் இன்ஜின் என்றால் சாவியைத் திருப்பிக் காட்டிவிடலாம். வெளியே இறக்கிவைத்த இன்ஜின் வெறும் இரும்புப் பாறை. அது போன மாதம்வரை ஓடியதா, பத்து வருடம் முன்பே இறுகிப்போனதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் இரண்டு மடங்கு ஆகிவிடும்.

நான் விற்றது 1966ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர் என்னும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின். கார் ஏன் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். ரோட்ஸ்டருக்கு மேல்கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்னும் பெட்டித் தகடுகள்தான் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கின்றன. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் இன்னொன்று. துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். என் காரில் முதலில் கதவு சரியாக மூடாமல் போனது. கீல் தேய்ந்துவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினேன். ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கியபோது கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் இடையே இருந்த சந்து கண்ணெதிரே சுருங்கியது. கார் நடுவில் மடிகிறது!

1988லிருந்து எம்ஜிபிக்குப் புது பாடி ஷெல்லே செய்து விற்கிறார்கள். அதை வாங்கி எல்லாவற்றையும் இடம் மாற்றுவது நடக்கக்கூடிய வேலைதான். அதற்கு வேண்டிய பணமும் என்னிடம் இல்லை, அதைவிட முக்கியமாக, அதற்கு வேண்டிய மூன்று நான்கு வருடப் பொறுமையும் இல்லை. சரி, பிரித்து விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தேன். சீட்டுகள், கம்பிச் சக்கரங்கள், கண்ணாடி எல்லாம் சீக்கிரம் போய்விட்டன. கடைசியில் நின்றது இன்ஜின்.

இது பிஎம்சி என்னும் பிரிட்டிஷ் கார் கம்பெனியின் பி சீரிஸ் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1798 சிசி, நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், பக்கவாட்டில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள். புதிதாக இருந்தபோது 95 குதிரைசக்தி. 1962இல் எம்ஜிபி வந்தபோது கிராங்க் என்னும் சுழல்தண்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங்குகள்தான். 1964 அக்டோபரில் ஐந்தாக்கினார்கள். என்னுடையது அந்த ஐந்து பேரிங் இன்ஜினின் முதல் வகை. பிளாக்கின் வலது பக்கத்தில், டைனமோவுக்கு மேலே, ஒரு சின்னத் தகட்டில் 18ஜிபி-யூ-எச் என்று தொடங்கி நம்பர் அடித்திருக்கும். யூ என்றால் நடுவில் கியர் கம்பி உள்ள கியர்பாக்ஸ், எச் என்றால் கூடுதல் கம்ப்ரஷன். இந்த எழுத்துகள் அலங்காரத்துக்கு இல்லை. 1967 கடைசியில் கியர்பாக்ஸை மாற்றியபோது இன்ஜினின் பின்தகடு, ஃப்ளைவீல் எல்லாம் மாறிவிட்டன. அதற்குப் பிந்தைய கார் வைத்திருப்பவர் என் இன்ஜினை வாங்கிப் போனால் அப்படியே பொருத்த முடியாது. 'எம்ஜிபி இன்ஜின்' என்று மட்டும் போட்டு விற்பவர்களால் எத்தனையோ பேர் வண்டி வைத்து வந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படித் திரும்பியவன்.

நம்பர் தகட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. காரின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் அது என்றைக்குக் கட்டப்பட்டது, என்ன நிறம், எந்த நம்பர் இன்ஜினோடு வெளியே வந்தது என்று ஹெரிடேஜ் சான்றிதழ் ஒன்று தருவார்கள். பல வருடம் முன்பு நான் அதை வாங்கினேன். இன்ஜின் நம்பர் பொருந்தியது. ஆபிங்டன் தொழிற்சாலையில் என் காருக்குள் இறக்கிய அதே இன்ஜின்! அன்றைக்கு அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டினேன். பழைய கார் உலகில் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்பது பெரிய வார்த்தை. சில கார்களில் அந்த ஒரு விஷயத்துக்காக விலை எங்கேயோ போகும்.

இப்போது கார் இல்லை. தாளில் இருக்கும் இரண்டு நம்பர்களில் ஒன்று பழைய இரும்போடு போய்விட்டது. மற்றது எதோடு பொருந்தும்? விளம்பரத்தில் 'மேட்சிங் நம்பர்' என்று எழுதலாமா என்று ஒரு இரவு யோசித்தேன். எழுதியிருந்தால் பொய்யில்லைதான். ஆனால் ஜோடி செத்த பிறகு கல்யாணப் பத்திரிகையைக் காட்டுவது மாதிரி இருந்தது. எழுதவில்லை.

முதல் வாரத்திலேயே ஒருவர் அழைத்தார். குரலில் நல்ல மரியாதை.

"சார், இன்ஜின் வேண்டாம். அந்த நம்பர் பிளேட் மட்டும் கிடைக்குமா?"

"எதுக்கு?"

"ஒரு கார் ரெஸ்டோர் பண்றோம் சார். அதுல பிளேட் காணோம். உங்க சீரிஸ் கிட்டத்தட்ட ஒத்து வருது. காரோட பேப்பர்ஸ் இருந்தா அதையும் சேர்த்துப் பாக்கலாம்."

இரண்டு சின்ன ஆணிகளால் பிடித்திருக்கும், விரல் நீளத் தகடு. அவர் சொன்ன தொகை, முழு இன்ஜினுக்கு நான் எதிர்பார்த்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கழற்ற ஐந்து நிமிடம் போதும். தகட்டைக் கொடுத்துவிட்டு இன்ஜினைத் தனியாகவும் விற்றிருக்கலாம். ஆசை வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள். ஆனால் நடக்கப்போவது என்ன? வேறு ஏதோ காரில், வேறு ஏதோ பிளாக்கில், என் தகடு ஏறும். செத்துப்போன என் கார் காகிதத்தில் மட்டும் எழுந்து இன்னொருவர் தலையில் விடியும். முடியாது என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்க சார், நான் வெயிட் பண்றேன்" என்றார். எவ்வளவு பொறுமை பாருங்கள்.

அப்புறம் கார்புரேட்டர் மட்டும் கேட்டவர்கள் நான்கு பேர், ஹெட் மட்டும் கேட்டவர் ஒருவர், 'கிராங்க் ஸ்டாண்டர்டா' என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டவர் ஒருவர். உதிரி உதிரியாக விற்றால் மொத்தமாகக் கூடுதல் வரும், அதில் சந்தேகமில்லை. இரண்டு கார்புரேட்டர், மேனிஃபோல்டு, டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர் எல்லாமே தனித்தனியாகப் போகும். கடைசியில் யாருக்கும் வேண்டாத பிளாக் மூலையில் கிடக்கும். நான் முழுசாகவே விற்க நினைத்ததற்குக் கொஞ்சம் பாசம் காரணம், நிறைய சோம்பேறித்தனமும் காரணம்.

இங்கே என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். இன்ஜினைக் காரிலிருந்து இறக்கும் முன் ஒரு வீடியோகூட எடுக்கவில்லை. சில் போன துக்கத்தில், சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற வேகத்தில், ரேடியேட்டரைக் கழற்றி, செயின் பிளாக் மாட்டி, கியர்பாக்ஸோடு சேர்த்துத் தூக்கிவிட்டேன். கழுவித் துடைத்துப் படம் எடுத்துப் போட்ட பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது: ஓடிக்கிட்டிருந்த இன்ஜினா சார்?

நான் அந்தக் காரை வாங்கியபோது எனக்குச் சொல்லப்பட்ட வார்த்தை 'ஃபுல்லா ரீபில்ட் பண்ணது'. விற்றவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. இன்ஜினுக்கு மெரூன் பெயின்ட் பளபளவென்று இருந்தது. பில் எதுவும் இல்லை, நானும் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ஹெட்டைக் கழற்றினால், சிலிண்டர் மேல்விளிம்பில் நகம் இடறும் அளவுக்குத் தேய்மான வரம்பு. பிஸ்டன் தலையில் எந்த அளவும் குத்தவில்லை, அதாவது தொழிற்சாலையில் போட்ட அதே பிஸ்டன்கள். போரிங் செய்து பெரிய பிஸ்டன் போட்டிருந்தால் எவ்வளவு பெரியது என்று அதன் தலையிலேயே குத்தியிருக்கும். யாரோ ஹெட் காஸ்கட்டை மாற்றி, பெயின்ட் அடித்து, அதற்கு 'ரீபில்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு நான் செய்ததுதான் உண்மையான ரீபில்ட். சிலிண்டர்களை 0.020 அங்குலம் பெரிதாக்கினோம், கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். கிராங்கை 0.010 அங்குலம் தேய்த்து அதற்கேற்ற பேரிங்குகள். புது ஆயில் பம்ப், புது டைமிங் செயின். லேத் பட்டறை எழுதித்தந்த அளவுத்தாள் முதல் காஸ்கட் செட் பில்வரை எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கின்றன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை நடுங்கியது. பணம் தீர்ந்துபோயிருந்ததால் ஹெட்டில் வால்வு சீட்டுகளை மாற்றவில்லை. பழைய சீட்டையே அரைத்துப் பொருத்திவிட்டோம்.

இந்தச் சீட் விஷயம் பழைய இன்ஜின் விற்பவரையும் வாங்குபவரையும் விடாமல் துரத்தும். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. இன்ஜின் தட்டாமலிருக்கக் கலந்த அந்த ஈயம், கூடவே இன்னொரு உதவியும் செய்தது. சூடான எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அது உட்காரும் இரும்புச் சீட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. ஈயம் விஷம் என்பதால் நாடு நாடாக அதை நிறுத்தினார்கள். கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021 ஜூலையில். ஈயம் இல்லாமல் ஓட்டினால் மெத்தென்ற வார்ப்பிரும்புச் சீட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குழியும். வால்வு உள்ளே இறங்கும். இறங்க இறங்க, வால்வை அழுத்தும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறையும். இடைவெளி முழுக்கப் போய்விட்டால் வால்வு மூடவே மூடாது, விளிம்பு எரிந்துவிடும். கடினமான சீட் வளையங்களைப் பதித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. நான் பதிக்கவில்லை.

பி சீரிஸில் இதற்குத் தனி விசேஷம் உண்டு. எக்ஸாஸ்டுக்கு நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து மூன்றே வழிகள். ஓரத்து இரண்டு சிலிண்டர்களுக்கு ஆளுக்கொன்று, நடுவில் உள்ள இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் சேர்த்து ஒரே வழி. அந்த நடு வழியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வால்வுகளுக்கும் சூடு அதிகம். எட்டு வால்வுகளை முன்னிருந்து எண்ணினால் அவை நான்காவதும் ஐந்தாவதும். இடைவெளி பார்க்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது: எந்த வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்து, வரும் வால்வைச் சரிசெய்ய வேண்டும். நான்கு திறந்திருந்தால் ஐந்து, ஐந்து திறந்திருந்தால் நான்கு. ஒரே அடுப்பில் வேகும் இரண்டும் ஒன்றுக்கொன்று காவல். இருக்க வேண்டிய இடைவெளி 0.015 அங்குலம். என் இன்ஜினில் ஐந்தாவது வால்வு மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நெருங்கியே இருக்கும். சரிசெய்துகொண்டே ஓட்டினேன்.

சரி, இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது? சொன்னாலும் யார் நம்புவார்கள்? எனக்கு மெக்கானிக் வேலையில் பாதியைக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் புலம்பினேன்.

"தம்பி, இன்ஜின் ஓடுறதுக்குக் கார் எதுக்கு?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பெட்ரோல், நெருப்பு, தண்ணீர், ஆயில், சுற்றிவிட ஒரு ஸ்டார்ட்டர். இவை இருந்தால் இன்ஜினுக்குத் தான் காருக்குள் இல்லை என்பதே தெரியாது. கனமான இரும்புச் சட்டங்களை வெல்டு வைத்து ஒரு தாங்கி செய்தோம். இன்ஜின் மவுண்டுகளிலும் கியர்பாக்ஸின் பின்பக்கத்திலும் பிடித்து, முன்னால் ரேடியேட்டரைக் கட்டி, ஹோஸ்களை மாட்டினோம். கார்புரேட்டருக்கு மேலே ஒரு உயரமான கம்பியில் பெட்ரோல் கேன். எஸ்யூவுக்குப் பெரிய அழுத்தம் தேவையில்லை, உயரத்திலிருந்து இறங்கும் பெட்ரோலே போதும். காரின் டாஷ்போர்டிலிருந்து எடுத்துவைத்திருந்த மீட்டரையும் மாட்டினோம். ஒரே வட்டத்துக்குள் மேலே ஒன்று கீழே ஒன்றாக ஆயில் பிரஷரும் தண்ணீர்ச் சூடும் காட்டும் மீட்டர். பக்கத்தில் தீயணைப்பான், கைக்கெட்டும் தூரத்தில். மூடியில்லாத ஃபேனுக்கும் மேலே தொங்கும் பெட்ரோலுக்கும் நடுவே நின்றுகொண்டு வீரம் காட்டக் கூடாது.

பேட்டரி மாட்டும்போது அண்ணன் நெகட்டிவை இன்ஜின் பிளாக்கில் கொடுத்தார். எல்லோரும் செய்வதுதான். ஆனால் 1966 எம்ஜிபி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவைத்தான் பாடியிலும் பிளாக்கிலும் கொடுக்க வேண்டும். இரண்டு முறை சுற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது. "அப்ப எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கணுமே?" என்று அவர் கேட்டார். சுற்றாது. அந்த ஸ்டார்ட்டரில் வெளிச் சுருளும் உள் சுருளும் ஒரே வரிசையில் இணைந்திருப்பதால் மின்சாரத்தின் திசையை மாற்றினால் இரண்டின் காந்தமும் சேர்ந்தே புரளும், சுற்றுவது அதே பக்கம்தான். பிளக்குக்குப் பொறி தரும் காயிலுக்குத்தான் வித்தியாசம். பிளக்கின் நடுமுனை சூடாக இருக்கும், எலக்ட்ரான் அங்கிருந்து சுலபமாகக் கிளம்பும். திசை மாறினால் பொறி கொஞ்சம் சோர்ந்துபோகும். கேபிளை மாற்றிக் கொடுத்தோம்.

முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு வெறுமனே சுற்றினோம். மாதக்கணக்கில் சும்மா கிடந்த இன்ஜினில் பேரிங்குகள் காய்ந்திருக்கும். கம்ப்ரஷன் இல்லாமல் சுற்றினால் அவற்றின்மேல் பாரம் குறைவு, அதற்குள் பம்ப் ஆயிலை மேலே ஏற்றிவிடும். பத்து விநாடி சுற்றி நிறுத்தினோம். ஊசி அசையவில்லை. மறுபடி பத்து. அசையவில்லை. மூன்றாவது தடவை ஊசி நடுங்கி, ஒரு நிமிர்வு நிமிர்ந்தது. அண்ணன் அப்போதுதான் மூச்சு விட்டார் என்று நினைக்கிறேன், நானும்.

பிளக்குகளை மாட்டினோம். போனை முக்காலியில் வைத்து வீடியோவை ஓடவிட்டு, நான் வெறுங்கையைப் பிளாக்கின்மேல் வைத்துக் காட்டினேன். இது முக்கியம். ஏற்கெனவே சூடாக்கி வைத்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை. சோக்கை இழுத்து, ஸ்விட்சைத் தட்டினேன். இரண்டு சுற்று, ஒரு தும்மல், அப்புறம் பிடித்துக்கொண்டது. சைலன்சர் இல்லாமல் குட்டைக் குழாய் மட்டும் இருந்ததால் கூரையே அதிர்ந்தது. தாங்கி தரையில் மெல்ல நடக்கத் தொடங்கியது. அண்ணன் ஓடிப்போய் ஒரு பக்கம் காலை வைத்து மிதித்துக்கொண்டார். ஆயில் பிரஷர் 70 பிஎஸ்ஐக்கு ஏறி நின்றது. இருபது நிமிடம் ஓடி நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் 20, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 60. வொர்க்‌ஷாப் மேனுவலில் ஐடிலுக்கு 10 முதல் 25, ஓட்டத்தில் 50 முதல் 80 என்றிருக்கும். சூடானபின் ஐடிலில் என்ன காட்டுகிறது என்பதுதான் பேரிங்குகளின் உண்மையான வயது. குளிர்ந்த இன்ஜினில் எந்தக் கிழமும் 70 காட்டும்.

எனக்கு அந்த இருபது நிமிடம் வேறு மாதிரி போனது. பாடி இல்லை, ஸ்டியரிங் இல்லை, சீட் இல்லை. ஆனால் சத்தம் மட்டும் அதே சத்தம். 3,000 சுற்றைத் தாண்டும்போது வரும் அந்த முரட்டு இழுப்பு. வலது கால் தானாக அழுத்தப் பார்த்தது, அழுத்த அங்கே ஒன்றுமில்லை.

சூடாக இருக்கும்போதே கம்ப்ரஷன் பார்த்தோம். பிளக்குகள் அனைத்தும் வெளியே, த்ராட்டில் முழுக்கத் திறந்து. 158, 156, 138, 160 பிஎஸ்ஐ. மூன்றாவது குறைகிறது. அதில் மட்டும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தோம், 142. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் சந்தை அடைத்து அளவு நன்றாக ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் வால்வு. உறுதி செய்ய அந்த சிலிண்டரை மேலே கொண்டுவந்து நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டுக் காது கொடுத்தோம். காற்று கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி விட்டால் ஹெட் காஸ்கட். சீறியது எக்ஸாஸ்ட் குழாயில். ஐந்தாவது வால்வு, அதேதான்.

"இதையும் வீடியோவுல போடப் போறியா?" என்றார் அண்ணன்.

போட்டேன். நாணயம் என்று மார்தட்டிக்கொள்ள அல்ல. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் விளம்பரத்தை நான் வாங்குபவனாக ஒருநாளும் நம்பியதில்லை. ஒரு குறையைத் தெளிவாகச் சொன்னவனிடம் மற்றதைப் பற்றிச் சந்தேகப்படத் தோன்றாது. இது நல்ல குணமா வியாபாரத் தந்திரமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீடியோ போட்ட பிறகு விலை குறைக்கச் சொல்லி வந்த அழைப்புகளை விட்டுவிடுகிறேன். பத்தாவது நாள் ஒருவர் அழைத்தார். அவர் முதலில் கேட்டது, "அஞ்சாவது வால்வு கிளியரன்ஸ் கடைசியா எவ்வளவு இருந்தது?" நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவரிடம் அதே வருடத்துக் கார். நெடுஞ்சாலையில் கனெக்டிங் ராடு போல்ட் அறுந்து, ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கியர்பாக்ஸ் பழைய வகைதான், என் இன்ஜின் அப்படியே உட்காரும். நேரில் வந்தார். கையில் டார்ச், பையில் பிளக் துளைக்குள் விடும் சின்னக் கேமரா. பிஸ்டன் தலையில் 020 என்று குத்தியிருப்பதைப் பார்த்து பில்லோடு ஒப்பிட்டார். ஃபைலை அரைமணி நேரம் படித்தார். கடினச் சீட் பதிக்க ஆகும் செலவை மட்டும் கழித்துக்கொள்ளச் சொன்னார். கழித்தேன். ஓடவிட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை.

எழுத்து வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் நம்பரும் இருக்கும், மாற்றினால் தெரிவிக்க வேண்டும். ஆகவே நம்பர், தேதி, இரண்டு பேர் கையெழுத்தோடு ரசீது எழுதினோம். கார் அழிக்கப்பட்டதற்கான தாளின் நகலையும் கொடுத்தேன். இது இல்லாமல் பழைய இன்ஜின் வாங்குபவர் நாளைக்குத் திருட்டு இன்ஜின் என்று யாராவது சொன்னால் நிரூபிக்க ஒன்றுமில்லாமல் நிற்பார்.

ஏற்றும்போது அவர் கூட வந்த பையன் இன்ஜினை நேராக வண்டித் தரையில் இறக்கப் போனான். நானும் அவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப் என்பது அழுத்திச் செய்த மெல்லிய தகடு. அதன்மேல் முழு இன்ஜினும் உட்கார்ந்தால் உள்பக்கம் ஒடுங்கி, ஆயில் உறிஞ்சும் வாயை அடைத்துவிடும். வெளியே ஒரு நசுங்கல்தான் தெரியும், பேரிங்குகள் போன பிறகுதான் காரணம் தெரியும். மரக்கட்டைகளால் தொட்டில் மாதிரி செய்து, பக்கவாட்டில் தாங்கி, நாடா போட்டுக் கட்டினோம். தண்ணீரையும் ஆயிலையும் முன்பே வடித்துவிட்டிருந்தேன். கார்புரேட்டர் வாய்களில் துணி அடைத்து டேப் ஒட்டினேன்.

கிளம்பும் முன் அந்தச் சான்றிதழை என்ன செய்வது என்று கேட்டேன். "உங்ககிட்டயே இருக்கட்டும் சார், உங்க காரோடதுதானே" என்றார். சட்டத்தில் போட்டது சுவரில்தான் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து இரண்டு படங்கள் அனுப்பினார். முதல் படம் ஐந்தாவது வால்வு. விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும், பல்லி கடித்ததுபோல, எரிந்து குழிந்திருந்தது. 'நீங்க சொன்னதுதான்' என்று கீழே எழுதியிருந்தார். எட்டுக்கும் புதுச் சீட் பதித்து, இன்ஜின் காருக்குள் ஏறி, ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

இரண்டாவது படம் அவருடைய பழைய பிளாக். பக்கவாட்டில் கைமுட்டி நுழையும் ஓட்டை. டைனமோவுக்கு மேலே தகடு மட்டும் சுத்தமாகத் துடைக்கப்பட்டுப் பளிச்சென்று இருந்தது. போன் செய்தேன்.

"இதை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க? இரும்புக்குப் போட வேண்டியதுதானே?"

"மனசு வரல சார். காரோட வந்த இன்ஜின்."

"யாராவது கேட்டா?"

"கேட்டாங்களே," என்றார். "போன வாரம் ஒருத்தர். ரொம்ப மரியாதையாப் பேசினார். இன்ஜின் வேண்டாமாம், பிளேட் மட்டும் போதுமாம்."